டோனர் ஒன்று, டோனர் இரண்டு

ரத்தம் யாருடையதோ அவருடைய பெயர்தான் டியூப்பின் மேல் இருக்க வேண்டும். இதைச் சொல்வதற்கு ஓய்வுபெற்ற ஒருத்தி மெனக்கெட்டு உட்கார்ந்து எழுத வேண்டுமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். சொல்லித்தரத்தான் வேண்டும் என்று எனக்குப் புரியவைத்த ஒரு சம்பவம் இருக்கிறது.

வைரஸ் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மெஷினை எப்படி ஓட்டுவது என்று காட்ட ஆள் இருக்கிறார்கள். கிட் விற்கும் கம்பெனிக்காரர்கள் வந்து படம் போட்டு விளக்குவார்கள், மதியச் சாப்பாடும் வாங்கித் தருவார்கள். அதிலெல்லாம் நான் தலையிடப் போவதில்லை. மெஷின் சரியாகச் சொன்ன ஒரு முடிவை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன அக்கிரமம் செய்ய முடியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆட்களின் பெயரையும் ஊரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். தருமபுரி டவுனில், டயாலிசிஸ் பிரிவு வைத்திருந்த ஒரு தனியார் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வைரஸ் பரிசோதனைக்கு நான் பொறுப்பாளர். என் முதுகுக்குப் பின்னால் லேபில் எனக்குக் குக்கர் மேடம் என்று பெயர். வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள்.

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை எங்களிடம் கிடையாது. அதற்கு நோயாளிகள் வெளியூரில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போவார்கள். ஆனால் அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகளில் பாதி எங்களிடம்தான் நடக்கும். கிட்னி வாங்குகிறவர், கொடுக்கிறவர் இருவருக்கும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் பார்த்து அனுப்புவோம். கொடுக்கிறவரின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது கிட்னியோடு சேர்ந்து அடுத்தவர் உடம்புக்குள் போய்விடும். வாங்கியவருக்கோ புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆயுள் முழுக்கக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட உடம்புக்குள் ஒரு வைரஸை நாமே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு முதலிலிருந்தே பிடிக்காத ஒரு வழக்கம் இருந்தது. நோயாளிக்கு ஃபைல் உண்டு, பதிவு எண் உண்டு. கொடுக்க வருகிறவருக்கு ஒன்றும் கிடையாது. நோயாளியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் கொடுப்பவர் என்ற பொருளில் ‘டோனர்’ என்று எழுதி டியூப்பில் ஒட்டிவிடுவார்கள். ரிப்போர்ட்டும் நோயாளியின் பதிவில் இருக்கும் போன் நம்பருக்கு வாட்ஸப்பில் போய்விடும். ஒரு மனிதர் தன் உடம்பிலிருந்து ஒரு உறுப்பை வெட்டிக் கொடுக்க வந்து நிற்கிறார், அவருடைய பெயரைக் கேட்டு எழுத நமக்கு நேரமில்லை. நான் பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன். “சாஃப்ட்வேர் அப்படித்தான் மேடம் இருக்கு” என்று மேனேஜர் சொல்வார். சாஃப்ட்வேரை ஏதோ சாமி வந்து எழுதிவிட்டுப் போன மாதிரி.

மொரப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதேசன் என்ற விவசாயி டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தார். சின்ன வயதுதான். அவருக்குக் கிட்னி கொடுக்க மனைவி சுமதி சம்மதித்திருந்தாள். ஒருவேளை அவளுடையது ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று பெரிய மருத்துவமனையில் கேட்டதால், மாதேசனின் அண்ணன் கோவிந்தனையும் இரண்டாவது ஆளாகச் சேர்த்திருந்தார்கள். ஒரே நாளில் இருவரும் எங்களிடம் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மேஜைக்கு இரண்டு டியூப்கள் வந்தன. ஒன்றில் ‘மாதேசன் – டோனர் 1’, மற்றதில் ‘மாதேசன் – டோனர் 2’.

டோனர் ஒன்றில் எச்ஐவி ரியாக்டிவ், அதாவது கிருமி இருக்கலாம் என்று வந்தது.

இது முதல்கட்டப் பரிசோதனை. இதை வைத்து யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது. ஆளை மறுபடி வரவழைத்து, புதிதாக ரத்தம் எடுத்து, வேறு வேறு முறைகளில் பார்த்து உறுதி செய்த பிறகு, அவரைத் தனியே உட்காரவைத்து அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்தேன். டோனர் ஒன்றை மறுபடி வரச்சொல்லுங்கள் என்று மேனேஜரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு என்னைக் கேட்காமல் ரிப்போர்ட்டை வெளியே விட்டுவிட்டார். இரண்டு டோனர்களின் முடிவும் சேர்ந்து ஒரே ரிப்போர்ட்டாக கோவிந்தனின் போனுக்குப் போயிருக்கிறது. ஏனென்றால் தம்பியின் பதிவில் இருந்தது அவருடைய நம்பர். அவர் ரிசப்ஷனுக்குப் போன் செய்து, டோனர் ஒன்று என்றால் யார் என்று கேட்டிருக்கிறார். “உங்க தம்பி வூட்டம்மாதானே மெயின் டோனர், அவங்கதாங்க ஒண்ணு” என்று அங்கிருந்து பதில் போயிருக்கிறது. இதெல்லாம் நடந்தது எனக்குத் தெரியாது. டோனர் ஒன்று ஏன் இன்னும் வரவில்லை என்று நான் கேட்டபோதெல்லாம், சொல்லியிருக்கிறோம் மேடம், வருவார்கள் என்று அதே மேனேஜர் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து டயாலிசிஸ் டாக்டர் கூப்பிட்டார்.

“மேடம், மாதேசனுக்கு டோனர் மாறியாச்சு. வைஃப் பாசிட்டிவ் ஆயிட்டாங்க இல்ல, அண்ணன்தான் குடுக்கறாரு. டோனர் ரெண்டு நெகட்டிவ்தானே? கோவிந்தன்னு பேர் போட்டு ஒரு ரிப்போர்ட் சைன் பண்ணிக் குடுத்துடுங்க. ஆபரேஷன் தேதி வாங்கணும்.”

“வைஃப் பாசிட்டிவ்னு உங்களுக்கு யார் டாக்டர் சொன்னது?”

“ஃபேமிலியே சொல்லிட்டாங்களே. அந்தப் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்.”

மருத்துவமனையிலிருந்து குடும்பத்துக்குப் போன பொய், குடும்பத்திலிருந்து மருத்துவமனைக்கே உண்மையாகத் திரும்பி வந்திருக்கிறது. படித்த டாக்டர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் நேரில் வந்து, அவரவர் பெயரில் புதிதாக ரத்தம் கொடுக்காமல் நான் ஒரு கையெழுத்தும் போட மாட்டேன் என்றேன்.

டாக்டருக்கும் கோபம் வந்தது. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாதேசனுக்குக் கையில் டயாலிசிஸ் ஊசி போடும் இடம் அடைத்துப்போய், கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அதில் கிருமி சேர்ந்து அடிக்கடி குளிர்காய்ச்சல். “லேட் ஆச்சுன்னா ஆளு தாங்க மாட்டாரு. அப்புறம் நீங்க பொறுப்பா? அங்க எப்படியும் திரும்பப் பாப்பாங்க மேடம்” என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்காலம் முழுக்க யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே பார்ப்பார்கள் என்று இங்கே இருப்பவர் விடுவார், அங்கேதான் பார்த்தாயிற்றே என்று அங்கே இருப்பவர் விடுவார். நடுவில் அறுவை சிகிச்சை மேஜையில் ஒரு மனிதன் மயக்கத்தில் படுத்திருப்பான். அவசரம் என்று சொல்லி யார் வந்து நின்றாலும், அவசரப்பட்டால் யாருக்கு என்ன நடக்கும் என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் டாக்டரிடம் சொல்லிக் காட்டினேன். “டோனர் ரெண்டு கோவிந்தன்தான்னு உங்களால கையெழுத்துப் போட முடியுமா? போடுங்க, நானும் போடறேன்” என்றேன். அவர் போடவில்லை.

சுமதியைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அவளுடைய நம்பர் எங்கள் மருத்துவமனையில் எங்குமே இல்லை. கிட்னி வேண்டும், நம்பர் வேண்டாம். டயாலிசிஸ் அறைக்கே போய், மெஷினோடு படுத்திருந்த மாதேசனிடம் கேட்டேன்.

“எதுக்குங்க மேடம்? அதான் பாசிட்டிவ்னு வந்துருச்சே.”

“நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“என்னத்தங்க கேக்கறது? அண்ணன் போன்ல காட்டுனாரு. எனக்கு இல்ல, அவளுக்கு இருக்குதுன்னா எங்கிருந்து வந்துச்சுன்னு ஊரே பேசுது. ஆத்தா ஒரே அழுவ. நானே இந்த நெலமையில கெடக்கறேன், நான் என்னா பண்றது சொல்லுங்க.”

புருஷனுக்கு இல்லை, பெண்டாட்டிக்கு இருக்கிறது, ஆகவே அவள் கெட்டவள். இவ்வளவு வேகமாக எங்கள் மெஷின்கூடக் கணக்குப் போடாது. கழுத்தில் குழாயோடு கிடக்கிற மனிதனைத் திட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வத்தல்மலை அடிவாரத்தில் இருந்த அம்மா வீட்டிலிருந்து சுமதி மறுநாளே பஸ் ஏறித் தனியாக வந்தாள். என் அறையில் நாற்காலியைக் காட்டினேன். அவள் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் விளிம்பில் உட்கார்ந்தாள். தன் உடம்பு நாற்காலியில் பட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவளை நம்பவைத்திருந்தார்கள். கைக்குட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, நன்றாக உட்காரச் சொன்னேன்.

“நானே வரலாம்னு இருந்தேங்க. இங்க யாரப் பாக்கறதுன்னு தெரியல. எம்பொண்ணுக்கும் இது வந்திருக்குமாங்க?”

தனக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை மாமியார் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு இவளை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். போனில்கூடப் பேச விடவில்லை. அம்மா தொட்டால் நோய் வரும் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. எம்பொண்ணு எங்கிட்ட வரணும், அவ்ளோதான்” என்றாள். என்ன பரிசோதனை, எதற்காக, முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன செய்யலாம் என்று முழுதாக விளக்கி அவளிடம் சம்மதம் கேட்டேன். கிட்னிக்கு அவளிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். இந்தப் பரிசோதனையைப் பற்றி அதுவரை ஒருவரும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

ரத்தம் எடுத்துக்கொண்டே, போன முறை வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன்.

“பேர் சொல்லிக் கூப்புடலீங்க. மாதேசன் டோனர் வாங்கன்னாங்க. மூத்தாரு எந்திரிச்சுப் போனாரு. அவுரு இருக்கறப்ப நான் எப்படிங்க முன்னால போய் உக்கார்றது? அவுரு வெளிய வந்தப்புறம் நான் போனேன்.”

மூத்தார் என்றால் கணவனின் அண்ணன், அதாவது கோவிந்தன். டியூப்பில் அவள் பெயரை எழுதி வைத்துவிட்டு நேராக ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். டோனர் ஒன்று, இரண்டு என்று எதை வைத்துப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “வர்ற வரிசைக்குத்தான் மேடம்” என்றார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் ரிசப்ஷனில் அதையே கேட்டேன். “மெயின் டோனர்தான் மேடம் ஒண்ணு” என்றார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். வருடக்கணக்காக அந்தப் பக்கம் ஒரு அர்த்தம், இந்தப் பக்கம் ஒரு அர்த்தம். யாரும் யாரையும் கேட்டதில்லை. குடும்பத்தில் ஆண் மூத்தவர் முதலில் உட்காருவார், பெண் காத்திருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் டியூப்பில் நம்பர் போடும்போது அது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

சுமதியின் புது ரத்தத்தில் ஒன்றுமில்லை. கிருமியையே நேரடியாகத் தேடும் பரிசோதனைக்கும் வெளியே அனுப்பிப் பார்த்தோம், அதிலும் ஒன்றுமில்லை. அவளுடைய ரத்தம் சுத்தம்.

அடுத்து கோவிந்தனை வரவழைத்தோம். அவரிடமும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி, அவர் பெயரை முழுதாக எழுதி ரத்தம் எடுத்தேன். எல்லா முறையிலும் ரியாக்டிவ். டாக்டரின் பேச்சைக் கேட்டு நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கிட்னிதான் மாதேசனுக்குப் பயணப்பட்டிருக்கும்.

கோவிந்தனை உட்காரவைத்து டாக்டரும் நானும் சொன்னோம். மனிதர் முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

“தப்பா இருக்கும் மேடம். டியூப்பு கீப்பு மாறியிருக்கும். நல்லாப் பாத்தீங்களா?”

பாருங்கள், இந்தச் சந்தேகம் எவ்வளவு சுலபமாக வருகிறது! தம்பி மனைவியின் பெயரைச் சொன்னபோது இதில் ஒரு துளி இவருக்கு வரவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் ஊருக்கும் காட்டியவர் இவர். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கேட்டது அவருடைய உரிமை. அவர் கண்முன்னே மறுபடி எடுத்து, மறுபடி பார்த்தோம். அதே முடிவுதான்.

மனிதர் உடைந்துவிட்டார். “வெளிய தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேங்க. மெஷின் தப்புன்னு சொல்லிடுங்க மேடம், உங்களக் கும்புடறேன்” என்றார். இது இப்போது மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய், வேளாவேளைக்கு மாத்திரை போட்டால் நீண்ட நாள் நன்றாக இருக்கலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னோம். வெளியே யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றும் உறுதி கொடுத்தோம். “ஆனா உங்க வூட்டம்மாகிட்ட நீங்களே சொல்லணும். கூட்டிக்கிட்டு வாங்க, நாங்க கூட இருக்கோம். நீங்க சொல்லலைன்னா டாக்டர் சொல்ல வேண்டியிருக்கும்” என்றேன். அழுதுகொண்டே ஒத்துக்கொண்டார், அந்த வாரமே மனைவியை அழைத்தும் வந்தார். அந்தம்மாவின் பரிசோதனை முடிவு என்ன என்று உங்களுக்கு ஆவலாக இருக்கலாம். சொல்ல மாட்டேன், அது அவருக்குச் சொந்தமானது.

சுமதிக்குக் கொடுக்காத மரியாதையைக் கோவிந்தனுக்கு முழுதாகக் கொடுத்தோம். என் மனசு அதற்கு ஒத்துழைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தெருவில் நின்று கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் நமக்குப் பிடித்தவரின் ரகசியத்தை மட்டும் காப்பாற்றுவதென்றால் அதற்கு நாம் எதற்கு, ஊர்க்காரர்களே போதும்.

அடுத்த சண்டை டாக்டரோடு. குடும்பத்திடம் என்ன சொல்வது என்ற பேச்சு வந்ததும் அவரும் கோவிந்தன் சொன்னதையே சொன்னார். “மெஷின் ஃபால்ஸ் பாசிட்டிவ் காட்டிடுச்சுன்னு சொல்லிடலாம் மேடம். லேப்ல சகஜம்தானே. நம்ம தப்புன்னு சொன்னா நாளைக்குக் கேஸ் போடுவாங்க.”

“மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு டாக்டர். நம்ம வாய்தான் தப்பா சொல்லுச்சு. கேஸ் போட்டா போடட்டும். அந்தப் பொண்ணு நடத்தைமேல பழி வந்திருக்கு, அதுக்கு நாம பதில் சொல்ல வேண்டாமா?” என்றேன். லேப் முழுக்கக் கேட்டிருக்கும். குக்கர் விசில் அடித்துவிட்டது என்று அன்றைக்குச் சிரித்திருப்பார்கள்.

டோனர் ஒன்றும் இரண்டும் மாறிவிட்டன என்று சொன்னால் அடுத்த நொடியே கோவிந்தனைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். மெஷின் தவறு என்றால் அது பொய். அதனால், வேறொருவருடைய முடிவை சுமதியுடையது என்று எங்கள் மருத்துவமனை தவறாகச் சொல்லிவிட்டது என்று சொல்வதாக முடிவு செய்தோம். அன்று லேபில் எத்தனையோ பேர் ரத்தம் கொடுத்திருந்தார்கள். அதில் பொய் இல்லை, யாருடைய ரகசியமும் போகவில்லை. மேனேஜரை அல்ல, டாக்டரையே சொல்லச் சொன்னேன். வாட்ஸப்பில் அல்ல, எல்லோரையும் வரவழைத்து, நேருக்கு நேராக.

அதற்கு முன்னால், அவளுக்கு நோய் இல்லை என்று சுமதியிடம் தனியாகச் சொன்னேன். அவள் கேட்கக்கூடாத கேள்வியைத்தான் முதலில் கேட்டாள்.

“அப்ப அது யாரு ரத்தங்க மேடம்?”

“சொல்லக்கூடாதும்மா.”

மூத்தார்தான் முதலில் போய் உட்கார்ந்தார் என்று எனக்குச் சொன்னவள் அவள். அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “சரிங்க. நான் கேக்கலீங்க” என்றாள்.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். கிட்னி கொடுக்க மனமில்லாதவர்களைக் குடும்பத்திடமிருந்து காப்பாற்ற டாக்டர்களிடம் ஒரு வழி உண்டு. காரணம் சொல்லாமல், மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் செய்ததற்கு அவள் இப்போது கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, வேண்டாம் என்றால் அப்படியே சொல்லிவிடலாம் என்றேன். உள்ளுக்குள், வேண்டாம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்றுதான் இருந்தது எனக்கு.

“இன்னொரு பொய்யாங்க? வேணாம் மேடம். என் ரத்தம் நல்லா இருக்குன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. குடுக்கறதா வேணாமான்னு நானே சொல்லிக்கறேன். எம்பொண்ணக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க, அவ வந்தாத்தான் நான் பேசுவேன்.”

அறுவை சிகிச்சை பிற்பாடு நல்லபடியாக நடந்தது, இருவரும் நலமாக இருக்கிறார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை.

டயாலிசிஸ் பிரிவுக்குப் பக்கத்தில் உறவினர்கள் காத்திருக்கும் அறையில் எல்லோரும் கூடினார்கள். சக்கர நாற்காலியில் மாதேசன், பக்கத்தில் அவருடைய அம்மா, அந்தம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சுமதியின் மகள், சுவரோரமாகக் கோவிந்தன். சுமதி கதவருகில் நின்றாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி சொன்னார். தவறு எங்களுடையது, சுமதிக்கு எந்த நோயும் இல்லை, எந்த நாளும் இருந்ததில்லை, அவர் தாராளமாகக் கிட்னி கொடுக்கலாம், விருப்பமிருந்தால்.

மாதேசன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, “வூட்டுக்கு வந்துரு சுமதி” என்றார்.

சுமதி மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது. தொடலாமா என்று அதற்குத் தெரியவில்லை. தொடலாம் பாப்பா, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று நான்தான் சொன்னேன். ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு சுமதி பேசினாள். குரல் உயரவில்லை.

“கிட்னி என்னுது, குடுக்கறேன். ஆபரேஷனுக்கு எப்ப வரணும்னு மேடம்கிட்ட சொல்லி வுடுங்க, வர்றேன். புள்ளயும் என்னுது, கூட்டிக்கிட்டுப் போறேன். வூடு உங்களுது, நீங்களே வெச்சிக்கோங்க.”

அவள் மகளை அழைத்துக்கொண்டு கதவுவரை போனாள். அப்போதுதான் மாமியார், இவ்வளவு நேரம் மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்ததை வெளியே விட்டார்.

“எல்லாஞ் சரி. அப்ப அந்த ரத்தம் யாருதுன்னு சொல்லுங்க. யாருதுன்னு தெரியாம நாங்க எப்படி நம்பறது?”

டாக்டர் என்னைப் பார்த்தார். சுவரோரம் நின்ற கோவிந்தனின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று பிடிவாதமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். சுமதி திரும்பி நின்றாள். அவள் பார்த்தாள். அவரைத்தான் நேராகப் பார்த்தாள். பிறகு மாமியாரிடம் சொன்னாள்.

“யாருதா வேணா இருந்துட்டுப் போவட்டும் அத்தை. அவங்களையாவது வூட்ட வுட்டு அனுப்பாதீங்க.”